கட்டணமும் வரைபடமும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ தயாரித்த கட்டட வரைபடங்களைப் பெற்றுக்கொண்டு, கட்டணப் பாக்கியைத் தராமல், அவற்றையே வேறொருவரிடம் கொடுத்துக் கட்ட முனைகிறது அந்த நிறுவனம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் கொதித்தது. உன் குடும்பச் சொத்து வழக்குகளைப் பார்த்துவரும் வழக்கறிஞர் நல்லவர்தான் என்றாலும், இதற்குக் கட்டுமான ஒப்பந்தத் தகராறுகளையும் நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் விசாரித்துத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாய வழக்குகளையும் நடத்திப் பழகியவரே வேண்டும். நம் கட்டடக்கலைத் தொழிலில் இத்தகைய வழக்கைச் சந்தித்த மூத்தவர்களிடம் விசாரித்தால் பெயர்கள் கிடைக்கும்.

அப்படிப்பட்டவர் உன்னிடம் முதலில் கேட்பது, அங்கே கட்டுமானம் தொடங்கிவிட்டதா என்பதாகத்தான் இருக்கும். நீ எழுத்து மூலம் உரிமை மாற்றிக் கொடுக்காத வரை வரைபடத்தின் பதிப்புரிமை உன்னுடையதே. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 59ஆம் பிரிவின்படி, கட்டடம் எழத் தொடங்கிய பின் அதை நிறுத்தவோ இடிக்கவோ உத்தரவு பெற முடியாது, இழப்பீடு மட்டுமே கேட்கலாம். இது நம் தொழிலுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். தில்லியில் கட்டடக்கலைஞர் ராஜ் ரேவல் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்னும் கண்காட்சி அரங்கம் 2017இல் இடிக்கப்பட்டபோதும், அவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் நில உரிமையாளரின் பக்கமே நின்றது. எனவே அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும்.

கட்டணப் பாக்கிக்கு வேறு வழி உண்டு. உன் அலுவலகம் ஒப்பந்தத்துக்கு முன்பே உத்யம் எனப்படும் அரசின் சிறுதொழில் பதிவைப் பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தை அணுகலாம். பணம் தர எழுத்தில் எவ்வளவு அவகாசம் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது 45 நாளுக்கு மேல் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் சென்றால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

இங்கே எங்கள் அலுவலகத்தில் இப்போது எந்த ஒப்பந்தமும் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்தாவதில்லை. கட்டணம் முழுதும் வந்த பிறகே வரைபடத்தைப் பயன்படுத்தும் உரிமை என்ற வரியை அவர்தான் சேர்த்தார்.

ஒப்பந்த நகல், பில்கள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி இந்த வாரமே அனுப்பு. எங்கள் வழக்கறிஞரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்