ஃபிரிஸ்கோவில் ஒரு டிவி மெக்கானிக்

அன்பு மக்களே,

அப்பா எழுதுகிறேன். தக்கலையில் சாரல் தொடங்கிவிட்டது. அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. மற்ற விசேஷமெல்லாம் அவளே போனில் சொல்லியிருப்பாள்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் உன் ஊர்ப்பக்கத்து ஃபிரிஸ்கோ வீடியோ கேம் மியூசியத்தைப் பற்றி அங்கே வைத்து உன்னிடம் பேச முடியவில்லை. சின்னவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளை வேறு, "மாமாவுக்கு போரடிக்கும்" என்று சீக்கிரம் கிளம்பப் பார்த்தார். போரடிக்கவே இல்லை என்று அவரிடம் சொல்லு.

பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவின் மருந்து மரக் கட்டிலைத் தள்ளி நின்றுதானே பார்த்திருக்கிறோம்? இங்கே தொட்டு விளையாடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு 'பாங்'! 1972-ல் அட்டாரி கம்பெனிக்காக ஆல் அல்கார்ன் செய்த, திரையில் பந்தைத் தட்டி விளையாடும் வீடியோ கேம் அது. முதல் மெஷினைக் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்தார்களாம். கொஞ்ச நாளில் ரிப்பேர் என்று ஆள் வந்தது. திறந்து பார்த்தால் காசுப்பெட்டி நிரம்பி வழிகிறது. எனக்கு அப்படி ஒரு ரிப்பேர் வந்ததே இல்லை.

எனக்குப் பிடித்த ஆள் ரால்ஃப் பேயர். டிவி இன்ஜினியரிங் படித்தவர், நம்ம தொழில்காரர். வீட்டு டிவியில் படம் பார்ப்பதோடு விளையாடவும் செய்யலாமே என்று 1966-ல் அவருக்குத் தோன்றியது. அதிலிருந்துதான் 1972-ல் மேக்னவாக்ஸ் ஒடிஸி என்ற, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி வந்தது. சத்தம் கிடையாது, ஸ்கோர் காட்டாது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். மைதானம் வேண்டுமென்றால் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை டிவி மேல் வைக்க வேண்டும். பசையே வேண்டாம், பிக்சர் டியூப் கண்ணாடியில் சேரும் நிலைமின்சாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். டிவி பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரோமம் எழும்புகிறது என்று சின்ன வயதில் நீ சிரிப்பாயே, அதே சங்கதிதான். இப்போதுள்ள தட்டை டிவியில் அந்தத் தாள் நிற்காது.

சின்னவன் என்னிடம் கேட்ட கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது இந்தப் பழைய பெட்டி எதற்கு என்றான். வாத்து சுடும் கேம் உனக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்காரர் வீடுகளிலிருந்து கடைக்கு அதன் விளையாட்டுத் துப்பாக்கி எத்தனை ரிப்பேருக்கு வந்திருக்கிறது! அதிலிருந்து வெளிச்சம் வெளியே போகாது, உள்ளேதான் வரும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அதைப் பார்த்தால் வாத்து விழும். டியூப் டிவியில் படம் உடனுக்குடன் விழும். எல்சிடியில் ஒரு நொடியின் சின்னத் துண்டு அளவு தாமதம். அந்தத் தாமதத்தில் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. எல்சிடி வாங்கினவர்கள் துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று கொண்டு வருவார்கள். பழைய டிவியில் மாட்டிக் காட்டினால் வாத்து பொத்தென்று விழும்.

அதனால் கேமை மட்டும் காப்பாற்றிப் பிரயோஜனமில்லை. டியூப் வேண்டும், கண்டன்சர் மாற்ற ஆள் வேண்டும், இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டிக்குள் பயமில்லாமல் கையை நுழைக்கத் தெரிந்தவன் வேண்டும். அங்கே ஒரு மெஷினில் படம் லேசாக ஒருபக்கம் வளைந்திருந்தது. ஸ்குரூடிரைவர் கையில் இல்லையே என்றிருந்தது எனக்கு.

கடை மேல்தட்டில் இருக்கும் 21 இஞ்ச் கலர் டிவியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி அம்மை நச்சரிக்கிறாள். போடமாட்டேன். லீவுக்கு சின்னவனைக் கூட்டிவா, அதற்குள் அதை ஓட வைக்கிறேன். அங்கே துப்பாக்கி கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதே. அமெரிக்க நிண்டெண்டோ கம்பெனித் துப்பாக்கியின் பிளக் நம்மூர் கேம் பெட்டியில் சேராது. ஏர்போர்ட்டில் வேறு பிடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

அன்புடன்,
அப்பா