ஆலமரக் கொப்பை வெட்ட முதல் ஒருக்கா அண்ணாந்து பாருங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

மழைக்காலத்துல மரம் முறிஞ்சு விழுறதைப் பற்றி போன ஞாயிறு உங்கட பேப்பர்ல வந்த கட்டுரையை வாசிச்சன். ஆபத்தான கொப்பை வெட்டத்தான் வேணும், அதுல எனக்கு மறுப்பில்ல. ஆனா எந்த மாசம் வெட்டுறது, வெட்ட முதல் என்னத்தைப் பார்க்கிறது எண்டு அதுல ஒரு வரிகூட இல்ல, அதுதான் எழுதுறன்.

வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்டுக்கு முன்னால ஒரு பெரிய ஆலமரம் நிக்குது. மூண்டாம் மாடி பல்கனியில நிண்டா கொப்பு கிட்டத்தட்ட கைக்கு எட்டும். அதுல காகம் கூடு கட்டியிருந்தது, சுள்ளியோட கம்பித்துண்டையும் சேர்த்து. சனிக்கிழமை விரதத்துக்கு நான் வைக்கிற சோத்தை அந்தக் காகம் தான் தின்னாம கவ்விக்கொண்டு போய் கூட்டுல வாயைப் பிளந்துகொண்டிருக்கிற குஞ்சுக்குத்தான் குடுக்கும். குஞ்சு கறுப்புத்தான், அதால நான் காகக்குஞ்சு எண்டே நினைச்சுக்கொண்டிருந்தன். வால் நீண்டு செட்டையில வெள்ளைப்புள்ளி விழத் தொடங்கினதும்தான் விளங்கினது, அது குயில்!

காகக் கூட்டுல குயில் முட்டையிடும் எண்டு சின்ன வயசுல படிச்சதுதான், ஆனா கண்ணால பார்க்கேக்க அது வேற மாதிரி இருக்கு. குயில் முட்டை ரெண்டு கிழமைக்குள்ள பொரிச்சிடும், காக முட்டைக்கு அதைவிட ரெண்டு மூண்டு நாள் கூட வேணும், அந்த இடைவெளியிலதான் குயில்குஞ்சு முந்திக்கொண்டு சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுது. காகத்துக்கு இது நட்டம்தான், தன்ர குஞ்சுக்குப் போகவேண்டிய தீன்தானே. இயற்கையில எல்லாரும் ஒற்றுமையா இருக்கினம் எண்டு நான் சொல்ல வரேல்ல, ஒண்டை விட்டா மற்றதுக்கு வழியில்லாம பின்னிக்கிடக்குது எண்டுதான் சொல்லுறன். சித்திரையில கோஹா, அதான் குயில், கூவினா அவுருது, அதான் புதுவருசம், வருது எண்டு சிங்கள ஆக்கள் சந்தோசப்படுவாங்களே, காகம் கூடு கட்டாட்டி அந்தக் குயிலே இல்ல.

மே மாசம், மழைக்கு முதல், கொப்பு வெட்ட ஆக்கள் வந்தாங்க. கூடு இருக்குது தம்பி, ரெண்டு கிழமை பொறுங்கோ எண்டு மேல நிண்டு கத்தினன். மெஷின் சத்தத்துல கேக்கவே இல்ல. கூடு விழுந்தது, குஞ்சும் செத்துப்போச்சு. அண்டு முழுக்க அந்தக் காகம் மதில்ல இருந்து கரைஞ்சுகொண்டே இருந்தது, எனக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கேல்ல.

கீழ விழுந்து கிடந்த கொப்பு முழுக்கக் காய். பழுக்கிற பருவத்துல இருந்த ஒண்டை மகள் பிச்சுப் பார்த்தாள், உள்ளுக்குள்ள இருந்து எள்ளைவிடச் சின்னனா, ரெண்டு மில்லிமீட்டர்கூட வராது, கறுப்புப் பூச்சிகள் ஊர்ந்து வந்துது, இறக்கை இல்லாத மஞ்சள் நிறத்துலயும் சிலது. "அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் சொத்தை" எண்டு நாங்க சொல்லுறம், ஆனா அது சொத்தையே இல்ல. அது அத்திக்குளவி. ஆல், அரசு, அத்தி எல்லாம் ஒரே இனம், உலகத்துல 750க்கு மேல வகை இருக்கு, எல்லாத்துக்கும் பூ காய்க்குள்ளதான் பூக்கும், "அத்தி பூத்தாப்போல" எண்டு சொல்லுறதும் அதாலதான். பெண்குளவி சின்ன ஓட்டையால நெருக்கிக்கொண்டு உள்ள போகேக்க இறக்கையே பிய்ஞ்சு போயிடும், திரும்பி வரவே ஏலாது. கொண்டுவந்த மகரந்தத்தை உள்ள இருக்கிற பூக்களுக்குக் குடுத்து, கொஞ்சப் பூவுல முட்டையும் இட்டிட்டு அங்கயே சாகும். மிச்சப் பூ விதையாகும். பிறகு பொரிக்கிற ஆண்குளவி பெண் வெளிய போக வழி குடைஞ்சு குடுத்திட்டுச் சாகும், பெண் மகரந்தத்தோட இன்னொரு ஆலமரம் தேடிப் பறக்கும், அதுக்கு ஆயுசே ஒண்டு ரெண்டு நாள்தான். ஆலுக்கு ஆல் குளவிதான், அரசுக்கு வேற குளவி. குளவி இல்லாட்டி ஆலுக்கு விதையில்ல, ஆல் இல்லாட்டி குளவிக்குப் பிறக்க இடமில்ல. ஒரு மரத்தைத் தறிச்சா அண்டைக்கு அங்க வந்து சேர்ற குளவி எங்க போகும்?

பழுத்தாப் பிறகு குயில், குக்குறுவான், மைனா, விகாரமகாதேவி பூங்காவுல பகல்ல தொங்கி இரவுல வாற பழவவ்வால், எல்லாம் அந்தப் பழத்தைத் தின்னும். மற்ற மரத்துல பழம் இல்லாத மாசத்துலயும் ஏதாவது ஒரு ஆல் பழுத்திருக்கும், அதாலதான் நகரத்துல அது அவ்வளவு முக்கியம். 2018ல கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் எண்ட சர்வதேச உடன்படிக்கையின்ர ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைச்சது, உண்மையாவே பெருமைதான், ஆனா சதுப்புநிலத்துல இருக்கிற உயிரைப் பார்க்கிற அதே கண்ணால எங்கட லேன்ல இருக்கிறதையும் பார்க்க வேணும்.

நான் கேக்கிறது பெரிய விசயமில்ல. பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் அவசரமில்லாத கொப்பை வெட்டாதேங்கோ. அவசரமெண்டா ஒராள் மேல ஏறிக் கூடு இருக்குதா எண்டு பார்த்திட்டு வெட்டட்டும், அஞ்சு நிமிசம் போதும்.

கடல் பக்கத்துக் கொப்புல இன்னொரு கூடு இருக்கு, நேற்றுப் பின்னேரமும் ரெண்டு காகம் மாறி மாறி வந்து போனதைப் பார்த்தன். மிச்சத்தை வெட்ட ரெண்டு கிழமையில திரும்ப வருவாங்களாம். அதுக்கு முதல் இதைப் போட்டீங்களெண்டா பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கட நீண்டநாள் வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6