மாணவர் உடை விதி வரைவு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியின் உடை விதியைத் திருத்தும் வரைவு குறித்து வரும் கூட்டத்தில் முடிவெடுக்க இருப்பதால், அதற்கு முன் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறோம்.

எந்த உடை கூடாது என்ற பட்டியலைவிட, உடல் மறைய வேண்டும், ஆய்வகத்திலும் விளையாட்டிலும் பாதுகாப்பு வேண்டும் என நோக்கத்தைக் கூறி, அதை ஆண், பெண் என்ற பிரிவின்றி எல்லோருக்கும் ஒரே சொற்களில் எழுதுவதே முறையாகும். "கவனத்தைச் சிதறடிக்கும் உடை" போன்ற தெளிவற்ற தொடர்கள், நடைமுறையில் பெரும்பாலும் மாணவிகளையும், உடல்வளர்ச்சி முந்திய பிள்ளைகளையுமே குறிவைக்கின்றன. அவற்றை நீக்கிவிடலாம் என்பது எங்கள் கருத்து.

சமய அடையாளமான தலைமறைப்பு, இயல்பான சுருள்முடி, துணியின் உறுத்தலைத் தாங்க இயலாத பிள்ளைகளுக்கான மாற்று உடை ஆகியவை, ஒவ்வொரு முறையும் கெஞ்சிப் பெறும் சலுகைகளாக அல்லாமல், விதியிலேயே இடம்பெற வேண்டும். சின்னம் பொறித்த உடைகளைக் குறைத்தால் செலவும் குறையும்.

விதியைவிட அதைச் செயல்படுத்தும் விதமே பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துகிறது. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. எனவே, பலர் முன்னிலையில் உடையை அளந்து பார்ப்பதும் உடைக்காக வகுப்பிலிருந்து வெளியேற்றுவதும் கூடாது. தனியே பேசி, பெற்றோருக்குத் தெரிவித்தால் போதும்.

மாணவர் பிரதிநிதிகளும் கூட்டத்தில் பங்கேற்பர். திருத்தங்களை எழுத்து வடிவில் இக்குழுவிலேயே பதிவிடுங்கள். குறிப்பிட்ட மாணவர் எவரையும் பெயர் சொல்லியோ படமிட்டோ எடுத்துக்காட்ட வேண்டாம்.