நிறவெறிக் கொலை என்று எப்போது சொல்லலாம்?

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நம்ம நிறத்துப் பையனை வெள்ளைக்காரன் குத்திக் கொன்றால் இங்கே உடனே நிறவெறி என்று முடிவு கட்டிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டார்கள். நிறம் வேறு என்பது மட்டும் சாட்சியம் ஆகாது.

சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது, ஒன்று நிரூபணமானால் போதும். குத்தும்போதோ, அதற்குச் சற்று முன்னோ பின்னோ, இனத்தைச் சொல்லிப் பகை காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால், அந்தப் பகை கொலைக்கு ஒரு பங்காவது காரணமாக இருந்திருக்க வேண்டும். முதல் வழிக்கு வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வசவே போதும். அதனால் கூட இருந்தவர் கேட்ட வார்த்தையை அன்றைக்கே, அப்படியே எழுதி வாங்க வேண்டும். "திட்டினார்கள்" என்று பொதுவாக எழுதினால் பிறகு குறுக்கு விசாரணையில் கரைந்துபோகும். இரண்டாம் வழிக்குப் பழைய பேச்சு, கைப்பேசிச் செய்திகள் தேட வேண்டும், அது கடினம். நிரூபணமானால், 18 வயது தாண்டிய கொலையாளிக்குக் குறைந்தபட்சச் சிறைவாசத்தை வழக்கமாக 30 வருஷத்திலிருந்து கணக்கிடத் தொடங்குவார்கள்.

1993 ஏப்ரல் 22, இங்கே லண்டன் எல்தம் பகுதிப் பேருந்து நிறுத்தத்தில் 18 வயது கறுப்பினப் பையன் ஸ்டீபன் லாரன்ஸ் வெள்ளைக்காரக் கும்பலிடம் குத்துப்பட்டு இறந்தான். தாக்க வந்தவர்கள் சொன்ன இன வசவை அவனுடைய நண்பன் காதால் கேட்டான். ஆனால் சில போலீஸ் அதிகாரிகள், பின்னால் அமைந்த விசாரணைக் குழு முன்னால்கூட, அது முழுக்க நிறவெறிக் கொலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. எழுதும்போதே வயிறு எரிகிறது. 1999-இல் அந்தக் குழுவின் மெக்ஃபர்சன் அறிக்கை வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ நிறவெறி என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்றது. அது தீர்ப்பு இல்லை சித்தப்பா, விசாரணையின் வாசல் மட்டும்தான். தாக்கியவர்களில் ஒருவனுடைய ஜாக்கெட் காலரில் ஸ்டீபனின் அரை மில்லிமீட்டர் ரத்தப் பொட்டு கிடைத்து, 2012-இல்தான் இருவருக்குத் தண்டனை ஆனது.

நம்ம ஊரிலும் இதே சிக்கல்தானே! பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பாதுகாக்கும் வன்கொடுமைச் சட்டத்தில், கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கு முன்பு "சாதியின் காரணமாக" என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016-இல் அமலான திருத்தத்துக்குப் பிறகு, சாதி தெரிந்தே செய்தான் என்றாலே போதும். இந்த ஒரு விஷயத்தில் நம்ம சட்டம் இங்கத்தியதைவிட ஒரு படி மேலே என்பேன். ஆனாலும் விருத்தாசலம் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக 2003-இல் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்ட இளம் தம்பதி முருகேசன், கண்ணகி வழக்கில் கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 ஆகிவிட்டது.

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு வரும் உங்கள் ஜூனியர்களிடம் சொல்லுங்கள்: எஃப்.ஐ.ஆரில் பேசிய சொல் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். சித்தியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்