நம்ம தமிழ்ச் சங்கத்தோட இந்த வருஷத்து ஆண்டறிக்கை, செயலாளர் வாசிச்சது

தலைவர் அண்ணனுக்கும் கமிட்டில இருக்கற எல்லாருக்கும், மழைன்னு பாக்காம வந்திருக்கற குடும்பங்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நல்லா நடந்துச்சு, ஹால் நிரம்பிடுச்சு. சித்திரைல பட்டிமன்றம். பிக்னிக் ஒரு வாரம் தள்ளிப்போய் நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு ஓடிட்டு இருக்கு. கமிட்டி 6 தடவை கூடுச்சு, அதுல 2 தடவை ஆள் பத்தலன்னு கலைஞ்சு போனோம்.

இப்போ நான் எடுத்து நடத்துன வேலை, லண்டனோட பழைய நடுப்பகுதியான சிட்டிக்குள்ள காணாமப்போன செயின்ட் மேரி ஆல்டர்மன்பரிங்கற சர்ச்சோட வரலாறு. "நமக்கு எதுக்குப்பா இங்கிலீஷ்காரன் சர்ச், தமிழுக்கு ஏதாவது செய்யலாம்ல"ன்னு ஜூன் மீட்டிங்லயே கேட்டாங்க, அன்னைக்கு நேரம் இல்லாததால பதில் சொல்ல முடியல, அதனால இங்க கொஞ்சம் விவரமாவே சொல்றேன், பொறுத்துக்கணும்.

சிட்டியோட நகர மன்றமான கில்ட்ஹாலுக்கு பின்னாடி ஆல்டர்மன்பரி தெருவும் லவ் லேனும் சேர்ற மூலைல ஒரு சின்ன தோட்டம் இருக்கு. என் ஆபீஸ் பக்கத்துலதான், 11 வருஷமா அங்க உக்காந்துதான் டப்பாவை திறக்குறேன். புல்லுக்கு நடுவுல கல்லு கல்லா நிக்கும், அது உக்கார்றதுக்கு போட்டதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். அது தூண் நின்ன இடம். செயின்ட் மேரி ஆல்டர்மன்பரி சர்ச்சோட தூண். எழுத்துல முதல்ல வர்றது 1181ல. அது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல, இத்தனை வருஷம் ஒரு கோவிலுக்குள்ள உக்காந்து சாப்பிட்டிருக்கோம்னு.

சிஎஸ்ஐ வீட்டுக்காரங்களுக்கு சேகரம்னா தெரியும், ஆர்சிகாரங்களுக்கு பங்குன்னா தெரியும். அந்தக் காலத்து லண்டன் அப்படித்தான், நாலஞ்சு தெருவுக்கு ஒரு சேகரம், அதுக்கு ஒரு சர்ச். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் 1538லேர்ந்து நோட்டுல எழுதி வைக்கணும்னு உத்தரவு. 15ம் நூற்றாண்டுல வில்லியம் எஸ்ட்ஃபீல்டுன்னு ஒரு மேயர் தன் சொந்தக் காசுல இந்த சர்ச்சுக்கு கோபுரம் கட்டி, பழைய மணிகளை மாத்தி சுருதி சேர்ந்த 5 மணி வச்சிருக்கார். 1598ல லண்டனை தெருத்தெருவா எழுதுன ஜான் ஸ்டோ சொல்றார், இந்த சர்ச்சோட நடைபாதைல ஒரு மனுஷனோட கால் எலும்புன்னு ஒண்ணு தொங்குச்சாம், நீளம் 28.5 இஞ்ச், பக்கத்து செயின்ட் லாரன்ஸ் சர்ச்ல தொங்குன எலும்பை விட மூணரை இஞ்ச் கூடன்னு அளந்து வேற சொல்லிருக்கார். நம்ம பசங்களுக்கு இதுதான் ரொம்ப பிடிச்சுது.

ஷேக்ஸ்பியரோட கூட நடிச்ச ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் ரெண்டு பேரும் இந்த சேகரத்து ஆளுங்க. ஷேக்ஸ்பியர் 1616ல போய்ட்டார், 7 வருஷம் கழிச்சு 1623ல இவங்கதான் அவரோட 36 நாடகத்தை ஒரே புஸ்தகமா கொண்டு வந்தாங்க, அதுல பாதி அதுக்கு முன்னாடி அச்சுலயே வராதது, மேக்பெத் உட்பட. இதுல நான் சொல்ல வர்றது, காண்டெல் இந்த சர்ச்ல வார்டனா இருந்தவர், அதாவது கோவில் வரவு செலவு பாத்து வசூல் பண்ற பொறுப்பு. நாள் முழுக்க நாடகம், அதுக்கு மேல இது. காண்டெல் 1627ல, ஹெமிங்ஸ் 1630ல, ரெண்டு பேரையும் இங்கதான் அடக்கம் பண்ணாங்க. அவங்க பிள்ளைங்க ஞானஸ்நானம் எல்லாம் அந்த நோட்டுல இருக்கு. கவிஞர் மில்டனோட ரெண்டாவது கல்யாணமும் 1656ல அதே நோட்டுலதான் பதிவாகியிருக்கு.

1666 பெரிய தீயில சிட்டில 80க்கு மேல சேகர சர்ச்சுங்க போச்சு, இதுவும் போச்சு. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் பழைய அஸ்திவாரத்து மேலயே திரும்ப கட்டினார். அப்புறம் 1940 டிசம்பர் 29 ராத்திரி, ஜெர்மன்காரன் போட்ட தீக்குண்டுல உள்ள இருந்ததெல்லாம் எரிஞ்சு சுவரும் கோபுரமும்தான் நின்னுச்சு. கால் நூற்றாண்டு கூரையில்லாமலே நின்னுட்டு, 1960கள் நடுவுல கல்லுக்கு கல் நம்பர் போட்டு, கிட்டத்தட்ட 7000 கல்லு, கப்பல்ல அமெரிக்காவுக்கு போச்சு. மிசௌரில ஃபுல்டன்னு சின்ன ஊரு, அங்க வெஸ்ட்மின்ஸ்டர் காலேஜ்ல பிரிட்டிஷ் பிரதமரா இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1946ல பேசினார், இரும்புத் திரைன்னு சொன்னாரே அந்தப் பேச்சு, அவர் நினைவா அங்க கட்டி 1969ல திறந்தாங்க. அதனால சர்ச்சே அமெரிக்கா போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். போனது ரென் கட்டுனது. அதுக்கு முந்தின பழைய சர்ச் எங்கயும் போகல, அதோட அடி இன்னும் அந்த புல்லுக்குள்ளதான் இருக்கு, போய் பாருங்க.

இதையெல்லாம் வச்சு தமிழ்ல 24 பக்கத்துக்கு ஒரு சின்ன புத்தகம் போட்டோம். நான் எழுதினேன், டைப் பண்ணதும் நான்தான், 40 காப்பி பிரிண்ட் எடுத்த செலவுல பாதி என் கையிலேர்ந்து, அதைக் கேக்கல, சும்மா பதிவுக்காக சொல்றேன். இங்க பொறக்குற நம்ம பிள்ளைங்க இந்த ஊரு தெருவோட கதையை தமிழ்ல படிச்சா அது தமிழுக்கு செஞ்சது இல்லையா?

செப்டம்பர்ல நடைப்பயணம் வச்சோம். வாட்ஸப்ல 31 பேர் வர்றேன்னு கட்டைவிரல் போட்டாங்க, மூர்கேட் ஸ்டேஷன் வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னேன், வந்தது 9 பேர், அதுல 4 பேர் குழந்தைங்க. கமிட்டிலேர்ந்து ஒருத்தரும் வரல. வேலை இருக்கும், உடம்பு சரியில்லாம இருக்கும், புரியுது, ஆனா ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். வந்த அந்த 9 பேரும் கடைசி வரைக்கும் இருந்தாங்க, அந்த தோட்டத்துல இருக்கற ஷேக்ஸ்பியர் சிலை கீழ உக்காந்து இட்லி சாப்பிட்டோம், ஒரு அக்கா பேரன் ஒரு ஒரு தூணா எண்ணிட்டு வந்தான்.

கணக்கு ட்ரெஷரர் விவரமா வாசிப்பாங்க. பொதுவா சொன்னா பெரிய நஷ்டம் இல்ல, போன வருஷத்த விட கையிருப்பு கொஞ்சம் குறைவு, ஹால் வாடகை ஏறுனதுதான் முக்கிய காரணம். ஆனா சந்தா பத்தி சொல்லியே ஆகணும். 58 குடும்பத்துல இந்த வருஷம் கட்டுனது 26. மூணு வருஷமா கட்டாத குடும்பங்களும் இருக்கு, பேர் சொல்லல. பொங்கலுக்கு பந்தில உக்கார்றப்போ எல்லாரும் மெம்பர்தான். ரிமைண்டர் போட்டா "வசூல் ராஜா"ன்னு குரூப்ல ஸ்டிக்கர் வருது, அது எனக்கு கஷ்டமா இருந்துச்சு. மெம்பர் லிஸ்ட்லயும் பாதி அட்ரஸ் பழசு, யாரும் மாத்தி தரல.

ஹால் குடுத்த நிர்வாகத்துக்கும், சமையல் பாத்த அக்காமாருக்கும், தமிழ் டீச்சருக்கும், மைக் செட் தம்பிக்கும், தலைவர் அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இதே மாதிரி ஃபாஸ்டர் லேன், உட் ஸ்ட்ரீட் பக்கம் போகலாம்னு நினைச்சிருக்கேன், உட் ஸ்ட்ரீட்ல செயின்ட் ஆல்பன் சர்ச்சோட கோபுரம் மட்டும் ரோட்டு நடுவுல தனியா நிக்குது. நான் செயலாளரா இருப்பேனான்னு தெரியல. 5 வருஷம் ஆச்சு, வீட்டுலயும் கேக்குறாங்க. யாராவது முன்வந்தா ஃபைல், லேப்டாப், எல்லாம் இன்னைக்கே குடுக்க தயாரா இருக்கேன், யாரும் வரலன்னா, கூட ரெண்டு பேர் கை குடுத்தா மட்டும் தொடர்றேன். புத்தகம் 17 காப்பி மிச்சம் இருக்கு, டீ குடிக்கற இடத்துல மேஜை மேல வச்சிருக்கேன், சந்தா நோட்டும் அதுக்கு பக்கத்துலயே இருக்கு.

செயலாளர்