நகராண்மைக் கழகத் துறைகளின் மாதப் பணிகளை எங்கள் வட்டார மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டி ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்,
முன்னாள் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புப் பகுதி.

பெறுநர்:
மதிப்பிற்குரிய தலைவர் அவர்கள்,
நகராண்மைக் கழகம்,
சிலாங்கூர், மலேசியா.

வழி: எங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்கள்.

பொருள்: ஒவ்வொரு துறையும் அந்தந்த மாதத்தில் எங்கள் பகுதியில் செய்யவிருக்கும் வேலைகளையும், செய்து முடித்த வேலைகளையும் ஒரே தாளில் அச்சிட்டு மக்கள் கூடும் இடங்களில் ஒட்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவின் மலாய் வடிவம் முறைப்படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தமிழிலும் எழுதியதற்குக் காரணம் உண்டு. கையொப்பமிடுகிறவர்கள் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று தெரிந்து இட வேண்டும் என்று விரும்பினோம். கோவில் மண்டபத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதை வாசித்துக் காட்டினோம். திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்திய பிறகே தங்களுக்கு அனுப்புகிறோம்.

கொசுப்புகை அடித்த ஒரு மாலையிலிருந்து தொடங்குகிறேன். கடந்த மழைக்காலத்தில் எங்கள் மூன்றாவது லோரோங்கில் (சந்தில்) டிங்கிக் காய்ச்சல் கண்டு இரண்டு பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில், தெருமுனையில் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு பெண்கள் உள்ளே ஓடினார்கள். சன்னல்களை அடைத்தார்கள். என் பக்கத்து வீட்டு அம்மா நனைத்த துண்டைக் கதவின் அடியில் திணித்ததை நானே பார்த்தேன். அவருடைய பேரனுக்கு இழுப்பு நோய். கனமான இயந்திரத்தைத் தோளில் சுமந்த மூன்று பணியாளர்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று கைகாட்டிப் பார்த்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. வெள்ளைப் புகை தெருவை நிறைத்து, கால்வாய் மேல் மிதந்து, செம்பனைக் காட்டுப் பக்கம் போய்க் கரைந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு சுகாதார அதிகாரி விளக்கிய பிறகுதான் எங்களுக்கு விவரம் புரிந்தது. புகை அடிக்கும்போது கதவு சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். உணவுப் பொருள்களை மூடி வைத்துவிட்டு, குழந்தைகளையும் மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் வெளியே தூரமாக அழைத்துச் செல்ல வேண்டும். ஏடிஸ் கொசு தெருவில் நிற்பதில்லை. வீட்டுக்குள் தொங்கும் துணிகளிலும் அலமாரியின் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் அடைந்திருக்கும். புகை அங்கே போய்ச் சேர்ந்தால்தான் பலன். அப்படிச் சேர்ந்தாலும் அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். பூச்சாடித் தட்டிலும் பழைய டயரிலும் கிடக்கும் புழுக்கள் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே புகையோடு வீட்டைச் சுற்றித் துப்புரவும் நடந்தாக வேண்டும்.

ஐயா, அந்த மூன்று பணியாளர்களின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. மருந்து வந்தது, எரிபொருள் செலவானது, ஆட்கள் வந்தார்கள். அதற்கு முதல் நாள் ஒரு துண்டுத் தாள் வந்து சேரவில்லை. அதனால் அத்தனையும் வெளியே போயிற்று. அடுத்த வாரம் அதே லோரோங்கில் மூன்றாவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

இந்த மனு முழுவதும் அந்தத் துண்டுத் தாளைப் பற்றியதுதான்.

ஓராண்டாக நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்த நாளில் எந்தத் துறையின் வண்டி எங்கள் பகுதிக்கு வந்தது, என்ன செய்தது, எப்போது போயிற்று என்று எழுதி வருகிறேன். குறை சொல்வதற்காகத் தொடங்கியதன்று. கூட்டத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்வதற்காகத் தொடங்கினேன். அதில் நல்லதும் நிறைய இருக்கிறது. சிறுவர் விளையாட்டு மைதானத்தில் உடைந்த ஊஞ்சலைக் கழற்றிப் புதிது மாட்டியது இருக்கிறது. பள்ளி எதிரே அணைந்து கிடந்த தெருவிளக்கு, நாங்கள் எழுதிய மூன்றாம் நாளே எரிந்தது இருக்கிறது. விழுந்த மரத்தை இரவோடு இரவாக வெட்டி அகற்றியது இருக்கிறது. இவற்றைச் செய்தவர்கள் யார் என்று எங்கள் மக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நன்றி சொல்லக்கூட முகவரி இல்லை.

அதே நோட்டில் தமிழ்ப்பள்ளிச் சாலையோரப் பள்ளமும் இருக்கிறது. கால்வாய்க்குப் புதுக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பாதி பதித்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. நட்டு வைத்த திட்டப் பலகை வெயிலில் வெளுத்து, ஒப்பந்தக்காரர் பெயர் இருந்த வரி முழுவதும் அழிந்துவிட்டது. முடிவுத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் முதலிலிருந்தே எதுவும் எழுதப்படவில்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டோம். சாலை எங்களுடையதன்று என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் கேட்டோம். சாலை எங்களுடையது, கால்வாய் எங்களுடையதன்று என்றார்கள். மூன்றாவது இடத்தில், தோட்ட எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். காகிதத்தில் மூன்று பதிலும் சரியாகவே இருக்கலாம். இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகனைக் கைப்பிடித்து அந்தப் பள்ளத்தின் ஓரமாக அழைத்துப் போகும் தாய் யாரிடம் கேட்பார்? ஒரு மழை நாளில் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாமல் ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர் சைக்கிளோடு உள்ளே விழுந்தார். இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

தீபாவளிச் சந்தைக் கடை விண்ணப்பத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதச் சொன்னார்கள் பெண்கள். அறிவிப்பு தலைமை அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளித் தொடக்கச் செலவைச் சமாளிக்கும் ஏழு பேர் இங்கே இருக்கிறார்கள். விண்ணப்பத் தேதி முடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நடமாடும் சேவை முகப்பு வந்து போனதும் அப்படித்தான்.

எங்கள் மக்களில் மூத்தவர்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து வாழ்க்கையில் கசப்பு எவ்வளவோ உண்டு. அதை இனிப்பாக்கிச் சொல்ல நான் முயலவில்லை. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விடியுமுன் ஆபீசுக்கு முன்னால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். கிராணி என்னும் எழுத்தர் செக்ரோலை, அதாவது பெயர்ப் பதிவேட்டை, பார்த்துப் பெயர் கூப்பிடுவார். இன்று எந்த நம்பர் காடு, யாருக்கு எந்த மர நிரை, யார் மருந்தடிக்க, யார் கால்வாய் வெட்ட என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுவார்கள். மழையால் வேலை நின்றால் அதையும் சொல்வார்கள். ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதியதைப் படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொள்வார்கள். தோட்டம் துண்டாகி, லயங்கள் என்ற வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, தாமான் என்ற இந்த வீடமைப்புப் பகுதிக்கு வந்த பிறகு எங்களுக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் சொந்த வீடும் கிடைத்தன. நம் ஊரில் இன்று என்ன வேலை நடக்கிறது என்ற செய்தி மட்டும் கிடைக்காமல் போயிற்று.

சட்டம் எங்கள் கோரிக்கைக்கு எதிராக இல்லை என்பதையும் பணிவோடு சுட்டிக்காட்டுகிறோம். 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் வேறுவிதமாகத் தீர்மானிக்கப்படாதவரை பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது. சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டிலேயே முதலில் அத்தகைய சட்டத்தை இயற்றிய மாநிலம் நம்முடையது. அச்சட்டத்தின்படி விண்ணப்பம் போட்டு ஒவ்வொரு தகவலாகப் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் கால்வாய் எப்போது சுத்தம் செய்யப்படும் என்று தெரிந்துகொள்ள ஒரு பாட்டி விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமா? கேட்காமலே சொல்லக்கூடிய செய்தி இது. தமிழைப் பொறுத்தவரை, மலாய்தான் ஆட்சிமொழி என்பதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தேசிய மொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுநலனுக்குத் தேவை என்று கருதினால் அரசு ஆவணங்களின் மொழிபெயர்ப்பைப் பிற சமூகங்களின் மொழியில் பயன்படுத்த அரசாங்கத்துக்கு உள்ள உரிமையைக் காக்கிறது. டிங்கியைவிடப் பெரிய பொதுநலன் எது?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது; 1976 சட்டத்தில் நியமன முறைதான் நிலைத்தது. இன்று 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அந்த விவாதத்தை இந்த மனுவில் கிளப்ப எங்களுக்கு எண்ணமில்லை. அது தங்கள் கையிலும் இல்லை. ஆனால் மன்றத்துக்கு வாக்களிக்க வழியில்லாத மக்களுக்கு, மன்றத்தோடு இருக்கும் தொடர்பு ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டு வரி கட்டும் முகப்பு மட்டுமே. பிப்ரவரி முடிவதற்குள் ஒருமுறை, ஆகஸ்டு முடிவதற்குள் ஒருமுறை. எங்கள் மக்கள் தேதி தவறாமல் கட்டுகிறார்கள், ஏனென்றால் அந்தக் கடிதம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இது. மாதம் பிறக்குமுன் ஒரே ஒரு தாள். முன்பக்கத்தில், வரும் மாதம் எங்கள் பகுதியில் எந்தத் துறை எந்த வாரத்தில் வருகிறது என்ற விவரம்: பொறியியல் துறையின் சாலை, கால்வாய் வேலை, சுகாதாரத் துறையின் புகை அடிப்பும் புழுச் சோதனையும், புல் வெட்டு, மரம் கழித்தல், உரிமத் துறையின் விண்ணப்பத் தேதிகள், நடமாடும் முகப்பு வரும் நாள், நூலகத்திலும் மண்டபத்திலும் நடக்கும் நிகழ்ச்சிகள். பின்பக்கத்தில், போன மாதம் சொன்னவற்றில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன், இனி எப்போது. இந்தப் பின்பக்கம்தான் எங்களுக்கு முக்கியம். மழையால் தள்ளிப்போனது என்று ஒரு வரி இருந்தால் போதும், மக்கள் காத்திருப்பார்கள். ஒரு வரியும் இல்லாதபோதுதான் சந்தேகமும் வதந்தியும் வளர்கின்றன.

நடந்துகொண்டிருக்கும் திட்டம் எதுவானாலும், பொறுப்பான துறை எது, ஒப்பந்தக்காரர் யார், செலவு எவ்வளவு ரிங்கிட், முடிவுத் தேதி என்ன, எந்த எண்ணில் அழைக்கலாம் என்பவை அதே தாளில் இடம்பெற வேண்டும். வேலை நகராண்மைக் கழகத்தினுடையது இல்லை என்றால், யாருடையது என்று எழுதுங்கள். ஒரு அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வது எளிது. நாங்கள் மூன்று அலுவலகம் ஏறி இறங்குவது கடினம். முகநூலில் தாங்கள் படங்கள் போடுவதை அறிவோம், இளைஞர்கள் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அவை முடிந்த நிகழ்ச்சியின் படங்கள். எங்களுக்கு வேண்டியது முன்கூட்டிய செய்தி. அதுவும் திறன்பேசி இல்லாத மூத்தவர்களும் படிக்கக்கூடிய இடத்தில்.

புகை அடிப்புக்கு மட்டும் மாதத் தாள் போதாது என்பது எங்களுக்குத் தெரியும், காய்ச்சல் தேதி பார்த்து வருவதில்லை. அதற்கு முதல் நாள் எங்கள் சங்கத்துக்கோ இந்தியச் சமூகத் தலைவருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்துவிடுவோம். கதவு திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

இதற்காகத் தங்களுக்குப் புது ஆள் தேவையில்லை. மலாய்த் தாளைக் கொடுத்தால் போதும். தமிழ்ச் சுருக்கத்தை எழுதித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒரு துறை அதிகாரி பார்த்துச் சரி சொன்ன பிறகே ஒட்டுவோம். தமிழ்ப்பள்ளி வாசல், கோவில் மண்டபம், மருந்தகம், காலைச் சந்தை ஆகிய இடங்களில் ஒட்டும் வேலையை இளைஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். முதலில் மூன்று மாதம் எங்கள் பகுதியில் மட்டும் சோதனையாகச் செய்து பார்க்கலாம். அதற்குமுன் தாங்களோ தங்கள் சார்பில் ஓர் அதிகாரியோ எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறை வந்தால் நேரில் பேசி முடிவு செய்யலாம். நாளைத் தாங்களே குறிக்கலாம். தமிழ்ப்பள்ளிச் சாலைப் பள்ளம் மட்டும் அதுவரை காத்திருக்க முடியாது. அதற்கு இந்த வாரமே தடுப்பும் இரவு விளக்கும் வைக்கும்படி தனியாக வேண்டிக்கொள்கிறோம்.

தோட்டத்து ஆபீசை இடித்தபோது பெரட்டுக் களத்துக் கரும்பலகையை எங்களில் ஒருவர் எடுத்து வைத்திருந்தார். அதைச் சுத்தம் செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, பஸ் நிறுத்தக் கூரையின் கீழே மாட்டியிருக்கிறோம். சாவி எதிரிலுள்ள மளிகைக் கடையில் இருக்கிறது. முதல் மாதத் தாள் வந்ததும் அங்கே ஒட்டுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர், குடியிருப்போர் சங்கம்.

இணைப்பு: மலாய் வடிவம், குடியிருப்பாளர்களின் கையொப்பங்கள், நோட்டுப் புத்தகப் பக்கங்களின் நகல், தமிழ்ப்பள்ளிச் சாலைப் பள்ளத்தின் படங்கள்.