நேரமும் திசையும் இல்லாத ‘மர்ம ஒளி’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு வானில் ‘மர்ம ஒளி’ தோன்றியதாகவும் மக்கள் திரண்டு பார்த்ததாகவும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. பார்த்தவர்களின் வியப்பும் அச்சமும் அதில் விரிவாக இடம்பெறுகின்றன. எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம் தெரிந்தது என்பவை மட்டும் இருப்பதில்லை. இந்த நான்கும் கிடைத்தால் பெரும்பாலான மர்மங்கள் அன்றைக்கே அவிழ்ந்துவிடும் என்பது, பல ஆண்டுகளாக வானத்தைப் பார்த்துவரும் என் அனுபவம்.

நான்கில் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு நேரம் என்பதைத்தான். ஓரிரு நொடிகளில் கோடிழுத்து மறைந்தது எரிமீன். அதைவிட மெதுவாக, துண்டு துண்டாகச் சிதறியபடி ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஊர்ந்தால், வளிமண்டலத்துக்குள் திரும்பி விழும் ராக்கெட் பாகமாக இருக்கக்கூடும். சில நிமிடங்கள் ஓசையின்றி, மினுக்காமல், ஒரே சீராக நகர்ந்து நடுவானிலேயே மங்கி மறைந்தால், அநேகமாகப் பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அது, நமக்கு இருட்டிய பிறகும் அங்கே வெயில் படுவதால்தான் தெரிகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் காணாமல் போகிறது. 2019 மே மாதத்தில் ஒரே ராக்கெட்டில் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டது முதல், மணி கோத்தாற்போல் வரிசையாகச் செல்லும் ஒளிப்புள்ளிகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டன.

நெடுநேரம் அசையாமல் நிற்கும் ஒளிதான் மக்களை அதிகம் குழப்புகிறது. சூரியன் மறைந்த பின் மேற்கிலோ, விடியலுக்கு முன் கிழக்கிலோ கண்ணைப் பறிக்கும் வெண்மையோடு நின்றால், முதலில் வெள்ளிக் கோளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது சூரியனைவிட்டு சுமார் 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே நள்ளிரவில் உச்சியில் அப்படி ஒன்று தெரிந்தால் வியாழனாக இருக்கலாம், வெள்ளியாக இருக்க முடியாது. ஒருநாள் மாலை அண்டை வீட்டுக்காரர் என்னை மொட்டைமாடிக்கு அழைத்து, மேற்கே ஒரு வெளிச்சம் இப்படியும் அப்படியுமாக ஆடுவதாகப் பதற்றத்துடன் காட்டினார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு கண்ணை ஒட்டிவைத்து, தலையை அசைக்காமல் பார்க்கச் சொன்னேன். ஆட்டம் நின்றுவிட்டது; பத்து நிமிடத்தில் இரண்டு விரற்கடை அளவுக்குக் கீழே இறங்கியது, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எதுவும் இல்லாத இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்று நோக்கினால், அது நகர்வதுபோல் எவருக்குமே தோன்றும். கைப்பேசியில் எடுத்த காணொளியும் சாட்சியாகாது. குவியம் தவறினால் எந்த விண்மீனும் வட்டத் தட்டாகிவிடும்.

நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் முகப்பு விளக்கும் சில நிமிடங்கள் அசையாமல் தொங்குவதுபோல் தெரிந்து ஏமாற்றும். அது திரும்பும்வரை பொறுத்திருந்தால் இடச்சிறகில் சிவப்பும் வலச்சிறகில் பச்சையும் புலப்படும்.

எல்லா ஒளிக்கும் விடை கிடைத்துவிடும் என்று நான் வாதிடவில்லை. நான்கு விவரங்களும் இருந்தும் எதனோடும் பொருந்தாத ஒன்று வருமானால், அதைப் படிக்க முதல் ஆளாக நிற்பவன் நான்தான். எனவே இத்தகைய செய்தியைத் தரும் நிருபர்கள் அந்த நான்கையும் கேட்டு எழுதுமாறு தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன். உயரத்தை அளக்கக் கருவி வேண்டாம்; நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும், அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி என்று கேட்டாலே போதும். பின்னர் விளக்கம் கிடைத்தால், அதையும் ‘மர்ம ஒளி’ வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்